இரண்டு சக்கரம் உள்ள கேமரா

முதல் கேமரா எது வாங்கலாம் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: கையில் காசு குறைவென்றால் புதுசு வேண்டாம். பெருவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று என இரண்டு சக்கரம் உள்ள பழைய கேமராவைத் தேடுங்கள்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் வெளிச்சம் அப்படி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் போய் நில்லுங்கள். உள்ளே அடர்நிழல், இலை இடுக்கில் சுள்ளென்று வெயில். ஆட்டோவில் விட்டால் ஒரு படத்தில் குலை கருத்துப்போகும், அடுத்ததில் வெளி வெளுத்துப்போகும். பழம் பறிக்கும் அக்காவின் முகத்துக்கு ஒரு சக்கரத்தால் ஷட்டர் வேகத்தையும் மற்றதால் அபெர்ச்சரையும் நாமே வைத்துவிட்டால் தொல்லை இல்லை. ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலையை 1/1000 நொடியில் எடுத்தால் நின்றுபோனதுபோல் இருக்கும். 1/30-க்கு இறக்குங்கள், சுழலும்.

2018-இல் வந்த கேனான் 1500டி நல்ல கேமராதான். ஆனால் ஒரே சக்கரம். முழு மேனுவலில் அபெர்ச்சரை மாற்ற ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே சுற்றவேண்டும். 2010-இன் நிக்கான் டி7000-இல் இரண்டு சக்கரமும் உண்டு. 16 மெகாபிக்சல்தான், போதும். உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் மலிவான பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸும் தானாக ஃபோகஸ் ஆகும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

அதன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. எத்தனை ஓடியிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். மேகமலை ஈரத்தில் இருந்த லென்ஸ் என்றால் இரண்டு முறை பாருங்கள்.