தீனி வைத்துப் பார்க்காதீர்கள்

ஓர் உயிரை உள்ளபடி அறிய வேண்டுமானால் அதன் முன்னால் தீனியை வைக்கக் கூடாது. இந்த வயதில் இதை எனக்குச் சொல்லித் தந்தது காடு. ஆவடியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் சத்தியமங்கலத்தில் புலிக் கணக்கெடுப்புக்கு உதவியாகப் போய்வந்தான். அங்கே தானியங்கி கேமராவை எப்படிக் கட்டுகிறார்கள் என்று உட்காரவைத்துக் கேட்டேன்.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் மக்காச்சோளம் கொட்டும் தீனித்தொட்டியைக் காட்டில் வைத்து, அதைப் பார்த்தபடி ஒரு மரத்தில் இதே வகைக் கேமராவைக் கட்டுவதுண்டு. எந்த மான் எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு துப்பாக்கியோடு காத்திருந்தால் போதும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. அதே கேமரா இங்கே எண்ணவும் காக்கவும் பயன்படுகிறது. புலியை எண்ணத் தீனி வைப்பதில்லை. அது தானாக நடக்கும் வழியில் காத்திருக்கிறார்கள்.

கால்தடம், எச்சம், மரத்தில் நகக்கீறல் இருக்கிற பாதையை முதலில் தேடுகிறார்கள். பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு கேமரா, முழங்கால் உயரத்தில். புலியின் இடப்பக்க வரி வலப்பக்கம் போல இருக்காது. இரண்டும் பதிந்தால்தான் இன்ன புலி என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு கேமராவின் வெளிச்சம் மற்றதில் அடிக்காதபடி சற்றே தள்ளிக் கட்டுகிறார்கள். உடல் சூட்டின் அசைவை உணர்ந்துதான் கருவி படம் எடுக்கும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் ஏமாந்துபோகும். அதனால் முன்னால் இருக்கும் புல்லை அறுத்துவிட்டு, ஒருவர் கேமரா முன்னால் தவழ்ந்து போய், படம் விழுகிறதா என்று சரிபார்க்கிறார். அப்புறம் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள்.

2018 கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் இப்படிக் கட்டி, சுமார் மூன்றரைக் கோடி படங்கள் எடுத்தார்கள். கின்னஸில் ஏறிய சாதனை அது. அத்தனையிலும் புலி இருந்த படங்கள் 76,651. அவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது.

தீனி கண்ட விலங்கு மாறிவிடும். மலைப்பாதையில் சுற்றுலா வண்டிகள் வீசும் பிஸ்கட்டுக்குப் பழகிய குரங்குகளைப் பாருங்கள். காட்டுப் பழத்தை விட்டுவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்திருக்கின்றன. வண்டியில் அடிபட்டும் சாகின்றன.

நம் வீடுகளிலும் இந்தத் தீனித்தொட்டி இருக்கிறது. பத்தாவதில் மார்க் எடுத்தால் சைக்கிள், பன்னிரண்டில் எடுத்தால் பைக். பிள்ளை சரியாக அந்த நேரத்துக்கு வந்து நிற்கும், நமக்குப் பிடித்ததைச் சொல்லும். நாம் பார்ப்பது அதன் ஆசையை மட்டுமே. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய காலத்திலும் இதைக் கண்டேன். மேலதிகாரி சுற்றி வரும்போது எல்லோரும் நல்ல தொழிலாளிதான். ஷிப்ட் முடிந்ததும் இரும்புத்தூளைக் கூட்டித் தள்ளி, மெஷினைத் துடைத்து, அடுத்து வருபவரிடம் "டூல் மழுங்கியிருக்கு, பார்த்துக்குங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் யார் என்பதில்தான் ஆளைத் தெரிந்துகொண்டோம்.

பிள்ளைகள் அன்றாடம் நடக்கிற வழியில் ஓரமாக இருங்கள். தோற்ற தம்பியிடம் மகன் எப்படிப் பேசுகிறான், வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு மகள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாளா என்று பாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாங்கித்தர வேண்டியதை நிபந்தனை இல்லாமல் வாங்கித்தாருங்கள். பிள்ளைக்குச் சோறு போடுவது கடமை. அந்தச் சோற்றைக் காட்டி அவனைப் பிடிக்கப் பார்ப்பது வேட்டை.