நீலச் சாயமும் அர்தபீல் கம்பளமும்

பிரித்தானியரின் கலை என்ன என்று உங்களிடம் ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? தேயிலைத் தோட்டம், புகையிரதப் பாதை, கச்சேரிக் கட்டடம் என்று அவர்கள் இங்கே விட்டுச் சென்றவற்றை நாம் அறிவோம். ஆள வந்தவர்கள் என்ற வகையில் அவர்களை நன்றாகவே அறிவோம். ஆனால் அவர்கள் தம் வீட்டுச் சுவரில் எதைத் தொங்கவிட்டார்கள், எதை அழகு என்று கொண்டார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

1893ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள ஒரு வியாபாரியிடம் ஒரு கம்பளம் விற்பனைக்கு இருந்தது. பாரசீகத்தின் அர்தபீல் நகரிலுள்ள ஷெய்க் ஸஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்தில் விரிக்கப்பட்டிருந்தது அது. நீளம் சுமார் 10½ மீற்றர், அகலம் 5 மீற்றருக்கும் அதிகம். முடிச்சுகள் ஏறத்தாழ இரண்டரைக் கோடி. ஒரு முனையில் சிறு கட்டத்துக்குள், வேலையை முடித்துக் கொடுத்த காஷான் நகரத்து மக்ஸூதின் பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் நெய்யப்பட்டுள்ளன. கிறிஸ்தவ ஆண்டில் 1539 அல்லது 1540. அதை வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும்படி சௌத் கென்சிங்டன் நூதனசாலை ஒருவரை அனுப்பியது. அவர் பார்த்தார், எப்படியேனும் வாங்கிவிடுங்கள் என்று பரிந்துரைத்தார். 2000 பவுண் கொடுத்து வாங்கினார்கள். விக்டோரியா அன்ட் அல்பர்ட் என்று 1899இல் பெயர் மாறிய அந்த நூதனசாலையில்தான் அக்கம்பளம் இன்றும் இருக்கிறது. நிறம் மங்காதிருக்க, அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் வெளிச்சம் போடுகிறார்கள்.

ஒரு வேதனையான செய்தியையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஒரு சோடிக் கம்பளம் இருந்தது. வியாபாரிகள் அதன் ஓரங்களை வெட்டியெடுத்து முதலாவதைப் பழுது பார்த்தார்கள். மிஞ்சியது இப்போது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில் கிடக்கிறது. ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை அறுத்தார்கள். பிரித்தானியரின் கலை இரசனையைப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

கம்பளத்தைப் பார்க்கச் சென்றவர் வில்லியம் மொரிஸ். 1834இல் பிறந்து 1896இல் மறைந்தவர். கவிஞர், அச்சாளர், நெசவாளர், சாயக்காரர், பிற்காலத்தில் சோசலிசவாதி. பாரசீகத்துக்கு அவர் ஒருபோதும் போனதில்லை. ஆயினும் இலண்டன் ஹமர்ஸ்மித்தில் இருந்த தம் வீட்டில் ஒரு பாரசீகக் கம்பளத்தைக் காலால் மிதிக்க மனமின்றிச் சுவரில் ஏற்றி வைத்திருந்தார். பூவும் கொடியும் வரைவோருக்குப் பாரசீகமே ஆசான் என்று மேடையிலும் சொன்னவர் அவர். கற்றுத் தந்தவர் யார் என்று வெளிப்படையாகச் சொல்லும் குணம் ஓதிப் படித்தவர்களிடம்கூடக் குறைந்து வருகிறது.

அவருடைய காலத்தில் இங்கிலாந்தில் இயந்திரத் துணி மலிந்துவிட்டது. 1856இல் பேர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயமொன்றைக் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்து விதம் விதமான செயற்கைச் சாயங்கள் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல வெயிலில் வெளுத்தன. மொரிஸுக்கு அது பிடிக்கவில்லை. லீக் என்ற ஊரிலிருந்த தோமஸ் வார்டில் என்பவரின் சாயப்பட்டறைக்குப் போய், முழங்கை வரை நீலமாகும்படி தொட்டியில் கைவிட்டுப் பழைய அவுரிச் சாயத்தைப் படித்தார். அவுரித் தொட்டியிலிருந்து துணியை எடுக்கும்போது அது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். காற்றுப் பட்டதும் உங்கள் கண் முன்னாலேயே நீலமாக மாறும். 1881இல் வோண்டல் ஆற்றங்கரையில் சொந்தப் பட்டறை வைத்தார். அங்கே 1883இல் பிறந்ததுதான் 'ஸ்ட்ரோபெரித் திருடன்' என்ற துணி. அவருடைய கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் பழம் திருட வந்த குருவிகள்தாம் அதிலுள்ள திருடர்கள். முழுத் துணியையும் முதலில் கடும் நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடத்தில் மருந்தால் நீலத்தை வெளுக்கச் செய்து, அதன் பின்னரே சிவப்பையும் மஞ்சளையும் அச்சிடுவார்கள். ஒரு துணி முடிய நாட்கணக்காகும். அதனால் விலையும் ஏறியது. ஏழைகளுக்காகப் பேசிய மனிதரின் துணியைச் செல்வந்தரே வாங்கினர். அது மட்டுமா? அவருடைய தொடக்ககாலச் சுவர்க் கடதாசியின் பச்சை நிறத்தில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருந்தது. ஆர்செனிக் எடுத்த சுரங்கக் கம்பனியில் அவருக்குக் குடும்பப் பங்கும் இருந்தது. ஆகவே அவரை ஒரு பெரியார் ஆக்கிவிட வேண்டாம்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். சென்ற வருடம் இலண்டனில் இருக்கும் என் மச்சான் அனுப்பிய பொதியில் அந்தத் துணியே திரைச்சீலையாக வந்தது. குருவிகள் நிறைந்த அதை மனைவி ஆசையோடு விரித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையொன்றைத் தொங்கவிட்டதும், நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்ததும், பின்னர் அது கிழிக்கப்பட்டுத் தலையணையானதும் நீங்கள் கேட்டறிந்த சம்பவமே. எங்கள் திரையும் இருக்கை உறையாயிற்று. தொழும் அறைக்கு அது போகவில்லை. பிரச்சினை அதோடு முடிந்திருக்கும், என் மூத்த மகள் அந்தத் துணியின் கொடிகளைக் கொப்பியில் வரையத் தொடங்காதிருந்தால்.

அவள் குருவிகளை விட்டுவிட்டுக் கொடியையும் இலையையும் மட்டும் வரைந்தாள். நானாகச் சொல்லவில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், "வாப்பா, நான் உயர்தரத்துக்குச் சித்திரமும் எடுக்கட்டா?" என்று கேட்டாள். என் ராத்தா அப்போது வீட்டிலிருந்தார். "தம்பி, மௌலவிட மகள் சித்திரம் படிச்சா ஊருல என்ன செல்லுவாங்க? நாளைக்கு மாப்பிள்ளை பாக்கப் போற புள்ள" என்றார். ராத்தாவின் கவலை பொய்யல்ல. ஊர்வாயை நானும் அறிவேன்.

உருவம் வரைவது பற்றி அறிஞர்களிடையே நீண்ட பேச்சு உண்டு. அதை இங்கே விரிக்க இடமில்லை. ஆனால் படம் வரைந்து பிழைத்த ஒருவர் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரைந்துகொள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழி காட்டியது நமக்குப் போதிக்கப்பட்ட பாடந்தானே. அந்த வழியில் போனவர்களே மக்ஸூத் காஷானியின் ஊரார். அவர்களிடமிருந்து ஓர் ஆங்கிலேயர் படித்தார். அவர் துணியைப் பார்த்து என் மகள் படிக்கிறாள். நம் வீட்டிலிருந்து போனதை மற்றவர் வீட்டிலிருந்து திரும்ப வாங்குகிறோம் என்று ராத்தாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றையும் மகளுக்குச் சொன்னேன். தம் கடைசிக் காலத்தில் மொரிஸ் கெல்ம்ஸ்கொட் என்ற பெயரில் ஓர் அச்சகம் வைத்து, கையால் இயக்கும் யந்திரத்தில் அழகான நூல்கள் அச்சிட்டார். அவர் மறைந்த பின் அந்த யந்திரம் கைமாறி, கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியிடம் வந்தது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவர், இங்கே கனிப்பொருள் ஆய்வுத் துறையின் முதற் பணிப்பாளராக இருந்தவர். கற்களைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர், கண்டிப் பகுதிக் கைவினைஞர்கள் நலிந்து போவதைக் கண்டு அவர்களின் கலையை எழுதி வைத்தார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற அந்த நூலை இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே 1908இல் அச்சிட்டு முடித்தார். பிரதிகள் 425 மட்டுமே. அச்சிட்டது மொரிஸின் யந்திரம்.

மகள் இதைக் கேட்டுவிட்டு, அந்த நூலில் கொடி வேலைப்பாடு இருக்குமா என்றுதான் முதலில் கேட்டாள். நிறைய இருக்கிறது என்றேன். விண்ணப்பப் படிவத்தில் அரபு, இஸ்லாம், சித்திரம் என்று மூன்றையும் எழுதி என் முன்னால் வைத்தாள். பிஸ்மி சொல்லிக் கையொப்பமிட்டேன். ராத்தா இன்னும் சமாதானமாகவில்லை.