"பாட்டி, தாத்தா செத்துட்டாரு!"

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் செத்துப்போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் சமையலறைப் பக்கம் திரும்பி, "பாட்டி, தாத்தா செத்துட்டாரு!" என்று உரக்கச் சொன்னான். அவன் வாயிலிருந்து முழுதாக வந்த முதல் தமிழ் வாக்கியம் அதுதான்.

எனக்கு 2019-இல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாவும் வந்துவிட்டார். வந்து பார்த்தால் நான் சோபாவில் கன்ட்ரோலரும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். டிவியில் சிவப்பு எழுத்தில் "வூஸாவே பெரி" என்று ஓடுகிறது. 'தாங்கள் மாண்டீர்கள்' என்று பொருள். அன்று மதியம் எனக்கு ரசம் சோறு மட்டும்தான் கிடைத்தது.

போன வாரம் காலை நடையில் உடன் வரும் நண்பர், "ஏனுங்க, எங்க பேரனும் அந்த எல்டன் ரிங்கைத்தான் வாங்கியிருக்கான். அரை மணிக்கு ஒருதரம் செத்துப்போயிட்டு எரிஞ்சு விழறான். நீங்க வெளையாடறீங்களாமே, என்னதான் பண்றதுங்க?" என்று கேட்டார். நடக்கும்போது சொன்னால் மூச்சு வாங்குகிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். என்னைப் போல எழுபதைத் தாண்டியவர்களுக்கும் ஆகும்.

அதற்கு முன் இந்த விளையாட்டுக்குள் நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகும் ப்ரெவே வரை பிரெஞ்சில்தான் படித்தேன். அரசு வேலையில் சேர்ந்தபோது ஆங்கிலத்தில் குறிப்பு எழுதவும் தட்டச்சு செய்யவும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா உத்தியோகம், பெரும்பாலும் கணக்குப் பிரிவில். ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்துவிட்டோம். என் பிரெஞ்சு, பெட்டிக்குள் வைத்த பட்டு வேட்டி போல, மடிப்பிலேயே நைந்துகொண்டிருந்தது.

மகளைக் கொடுத்தது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில். பாரிஸுக்கு வெளியே இருக்கிறார்கள். பேரனுக்குத் தமிழ் வராது, பாட்டிக்குப் பிரெஞ்சு வராது. நான் நடுவில் மொழிபெயர்ப்பாளன். ஆனால் என் பிரெஞ்சோ பள்ளிக்கூடப் பிரெஞ்சு. பதினாறு வயதுப் பையனிடம் 'தாங்கள் உணவருந்தினீர்களா' என்று கேட்கிற பிரெஞ்சு. அவன் சிரிப்பான், அல்லது சிரிப்பை அடக்குவான். வாராவாரம் போனில் "ஸ வா?" என்பேன், "ஸ வா" என்பான். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கோடை விடுமுறைக்கு வந்தவன், முதல் பத்து நாள் அந்த அரை நிமிடத்தையே நாள் முழுக்க நீட்டிக்கொண்டிருந்தான். கொண்டு வந்திருந்த பழைய பிளேஸ்டேஷனை எங்கள் டிவியில் செருகி, கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினான். ஒருநாள் காபி கொடுக்கப் போனவன் திரையைப் படித்தேன். எல்லாம் பிரெஞ்சில் இருந்தது, அதுவும் என் காலத்துப் பிரெஞ்சு! சாபம், அருள், கல்லறை, கோட்டை. அவனுக்கே ஒரு சொல் புரியவில்லை. நான் சொன்னேன். முதல் தடவையாகத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானில் ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் செய்தது. ஹிதேதாகா மியாசாகி என்பவர் இயக்குநர். பின்னணிப் புராணத்தை எழுதிக் கொடுத்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்து ஒரு வருடத்துக்குள் 2 கோடி பிரதிக்கு மேல் விற்றது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. எல்லோருக்கும் ஒரே அடி. நம் ஆளுக்கு ஆங்கிலத்தில் டார்னிஷ்ட் என்று பெயர், பிரெஞ்சில் சான்ஸேக்லா. பித்தளைப் பாத்திரம் களிம்பேறி மங்கிப்போகுமே, அந்த மாதிரி மங்கியவன். ஓய்வு பெற்ற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பத்து வகை காட்டும். 'ரெச்' என்று ஒருவன், கோவணமும் ஒரு தடியும்தான் அவன் சொத்து. பார்க்கப் பாவமாக இருக்கிறானே என்று அவனை எடுக்காதீர்கள். விரல் வேகம் இல்லாதவர்கள் 'வேகபாண்ட்' என்ற வீரனை எடுக்கலாம். கவசம், வாள், கேடயம் மூன்றோடும் வருவான். அந்தக் கேடயம் வாள், தடி அடியை முழுதாகத் தாங்கும். தாங்கிய உடனே கனமான அடிக்கான பொத்தானை அழுத்தினால் திருப்பி ஒரு பலத்த அடி கொடுப்பான். உருண்டு தப்பிப்பதெல்லாம் பேரன் வயதில் அழகு. நான் உருளப் போனால் பொத்தானைத் தேடுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஒன்று மட்டும் கவனம்: திரையில் பச்சைக் கோடு இருக்கும், அதுதான் தெம்பு. அடித்தாலும் உருண்டாலும் கேடயத்தில் அடி வாங்கினாலும் குறையும். அது தீர்ந்த நேரத்தில்தான் சாவு வரும். கடைசி ஓர் அடிக்கு ஆசைப்படாதீர்கள்.

முதலில் பல கைகள் ஒட்டிய ஒரு பூதம் வந்து உங்களைக் கொல்லும். கவலை வேண்டாம், விதியே அப்படித்தான். விழித்ததும் ஒரு குகை இருக்கும். பள்ளத்தில் குதித்தால் சண்டை சொல்லித் தருவார்கள். குதித்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தால் புல்வெளியும் வானத்தை மறைக்கிற பொன்னிற மரமும் தெரியும். அங்கே, நடைபாதையிலேயே, தங்கக் கவசத்தோடு ஒரு குதிரை வீரன் உலாத்துகிறான். என்னைக் கொன்றவன் அவன்தான். அன்று பதினான்கு தடவை அவனிடமே போய்ச் செத்தேன். வாசலில் நிற்கிறான், ஆகவே முதலில் அவனை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று என் குமாஸ்தா புத்தி சொன்னது. மேலே இருக்கிற கோப்பை முடிக்காமல் அடியில் இருப்பதை எடுக்கக் கூடாது என்றே பழகிவிட்டது. பதினைந்தாவது தடவை பேரன் கன்ட்ரோலரை வாங்கி, ஓரமாக, மரங்களுக்குப் பின்னால் குனிந்து நடந்து, அவனைக் கடந்து போய்விட்டான். "இப்படிப் போகலாமா?" என்றேன். "யார் கூடாதுன்னு சொன்னாங்க, தாத்தா?" என்று பிரெஞ்சில் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இதில் ஓடலாம், ஒளியலாம், நாலு நாள் கழித்துப் பலத்தோடு திரும்பி வரலாம். யாரும் மெமோ கொடுப்பதில்லை.

அவனைத் தாண்டினால் இடிந்த தேவாலயம் ஒன்று வரும். அங்கே காலே என்ற வியாபாரி உட்கார்ந்திருப்பார். 300 ரூனுக்குக் கைவினைப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ரூன் என்பது எதிரியை வீழ்த்தினால் கிடைப்பது. செலவுக்குக் காசும் அதுவே, பலத்தைக் கூட்ட முதலும் அதுவே. செத்தால் கையிலிருந்த அத்தனையும் செத்த இடத்தில் விழுந்துவிடும். போய் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் போகிற வழியில் இன்னொரு தடவை செத்தால் அது அரோகரா. கணக்குப் பிரிவில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தது இதுதான்: வசூலான ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காதே, செலான் போட்டுக் கருவூலத்தில் கட்டு. இங்கே கருவூலம் இல்லை. உடனுக்குடன் செலவழித்துப் பலமாக மாற்றிவிட வேண்டும். தொடக்கத்தில் 'விகர்' என்ற உயிர்ச்சக்தியில் போடுங்கள். இளவட்டங்கள் வாள் பலத்தில் போட்டுவிட்டு ஒரே அடியில் சாகிறார்கள்.

பலத்தைக் கூட்ட அருள் தலங்கள் என்று தரையில் பொன்னொளி எரியும் இடங்கள் உண்டு. நம் பக்கம் சாலையோரம் சுமைதாங்கிக் கல் இருக்குமே, அதுபோல. உட்கார்ந்தால் காயம் ஆறும், மருந்துக் குப்பி நிறையும். ஆனால் நீங்கள் கொன்ற எதிரிகளும் எழுந்துவிடுவார்கள். வெட்டவெளியில் உள்ள இந்தத் தலங்கள் சிலவற்றில் உட்கார்ந்த பிறகு மெலினா என்ற பெண் வருவாள். அவள் வந்த பிறகுதான் ரூனைப் பலமாக்க முடியும். கூடவே டாரன்ட் என்ற மாயக் குதிரையும் கிடைக்கும். அதுவரை சண்டை வேண்டாம், தலம் தேடி நடங்கள். குதிரை வந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

முக்கியமான எச்சரிக்கை: இதில் நிறுத்தி வைக்கும் வசதி கிடையாது. கேஸ் சிலிண்டர்காரர் மணியடித்தால் எதிரி காத்திருக்க மாட்டான். கதவைத் திறக்கப் போய்த் திரும்பியபோது மூன்று முறை 'தாங்கள் மாண்டீர்கள்' ஆகியிருக்கிறேன். மாத்திரை, தண்ணீர், பாத்ரூம் எல்லாம் முடித்துவிட்டு உட்காருங்கள்.

பெட்டியைக் கண்டால் திறக்கிற ஆசையும் ஆபத்து. ஏரிக்கரையில், டிராகன் எரித்த இடிபாட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. திறந்தேன். புகை சூழ்ந்து, கண் விழித்தால் எங்கோ ஒரு சுரங்கம். பூச்சி மனிதர்கள் கொல்லுகிறார்கள். வரைபடத்தைத் தொட்டு வீடு திரும்பலாம் என்றால், சுரங்கத்துக்குள் இருக்கும்வரை அதுவும் முடியாது. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்பார்களே, சாட்சாத் அதேதான். என் சர்வீஸில் ஒருமுறை அப்படி மாற்றல் வாங்கியவன் நான், காரணம் கடைசிவரை தெரியவில்லை. பேரனிடம் அந்தக் கதையைச் சொன்னேன். "அப்புறம் எப்படி வெளியே வந்தீங்க?" என்றான். என் உத்தியோகத்தைப் பற்றி என் மகள்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. இரண்டு மணி நேரம் பேசினோம். சுரங்கத்திலிருந்து வெளியேற வழி: சண்டை போடாமல் வாசல்வரை ஓட்டம்.

கடைசியாக அந்தப் பொன்னொளி. சில தலங்களிலிருந்து ஒரு கீற்று நீண்டு, இந்தப் பக்கம் போ என்று காட்டும். அதையே பிடித்துக்கொண்டு போனால் கோட்டை வாசலில் மார்கிட் என்ற கொம்பன் நிற்பான். வெளிச்சம் காட்டுவது கதை போகிற திசையை மட்டுமே. நீங்கள் தயாரா என்று அது பார்ப்பதில்லை. அதை விட்டுவிட்டுத் தெற்கே பாலம் கடந்து அழுகைத் தீபகற்பத்துக்குப் போங்கள். தேவாலயங்களில் மருந்தின் வீரியத்தைக் கூட்டும் கண்ணீர்த்துளி கிடைக்கும். பொன்னிறச் சிறு மரக்கன்று தெரிந்தால் விடாதீர்கள், குப்பியின் எண்ணிக்கையைக் கூட்டும் விதை அதனடியில் இருக்கும். சுரங்கங்களில் கிடைக்கும் பட்டறைக் கல்லால் வாளைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பேரன் ஊருக்குப் போகும்போது பிளேஸ்டேஷனை எனக்கே விட்டுவிட்டுப் போனான். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குப் போன் வரும். எத்தனையாவது படி, எந்தக் கேடயம் என்று விசாரணை நடக்கும். கோட்டைக்குப் போகட்டுமா என்றால், "பா அங்க்கோர், தாத்தா" என்பான். இன்னும் இல்லையாம். முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அதன் நடுவே மனைவி போனை வாங்கி, "இந்த வாரம் தாத்தா எத்தனை தடவை செத்தாருன்னு சொல்லு" என்பாள். நான் முன்பே அவனிடம் கணக்குக் கொடுத்திருப்பேன். அவன் தமிழில் சொல்ல வேண்டும், அது பாட்டியின் கட்டளை. அறுபது வரை எண்ணக் கற்றுவிட்டான். ழகரம் மட்டும் வரவில்லை, போன ஞாயிறு "பதினேளு" என்றான். அவள் மூன்று தடவை திருத்திச் சொல்ல வைத்தாள்.

இந்த வாரம் இதுவரை ஆறு. மார்கிட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.