'வான்ட்' மட்டும் போதுமா?

தமிழில் 'வேண்டும்' ரொம்ப வசதியான சொல். ஆசை, தேவை, கட்டாயம், கோயிலில் வைக்கும் வேண்டுதல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வேர்தான். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர் அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் 'வான்ட்' என்று வைத்துவிடுகிறார். "சார், ஐ வான்ட் டூ டேஸ் லீவ்." மனதில் இருப்பது பணிவான விண்ணப்பம். கேட்பவர் காதில் விழுவதோ உத்தரவு! லீவும் போச்சு, நல்ல பேரும் போச்சு.

இத்தனைக்கும் 'வான்ட்' பாவப்பட்ட சொல். பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. முதலில் அதற்கு 'இல்லாமல் இருப்பது' என்றுதான் பொருள். ஆசைப்படுவது என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. 1917-ல் அமெரிக்க ராணுவத்துக்கு ஆள் சேர்த்த போஸ்டரில் அங்கிள் சாம் விரலை நீட்டி 'ஐ வான்ட் யூ' என்கிறார். அங்கே அதிகாரம் பேசுகிறது, பொருந்துகிறது. லீவு கேட்பவருக்கு அந்த விரல் ஆகாது. "குட் ஐ ஹேவ் டூ டேஸ் லீவ், ப்ளீஸ்?" என்றால் போதும்.

சரி, ஆசை அளவு கடந்துவிட்டால்? "ஐ ஆம் டையிங் டு சீ தட் ஃபிலிம்" என்பார்கள். யாரும் சாகவில்லை, பயப்படாதீர்கள். 'பிரியாணின்னா உயிரை விடுவான்' என்று தமிழிலும் சொல்வதுதானே! ஆனால் இது நண்பர்களோடு பேசும் பேச்சு. இன்டர்வியூவில் "ஐ வுட் லவ் டு ஒர்க் ஹியர்" என்பதே கௌரவம். "ஐ கான்ட் வெயிட் டு மீட் யூ" என்று யாராவது எழுதினால் அது கோபமும் இல்லை. உங்களைப் பார்க்கத் துடிக்கிறார், அவ்வளவுதான்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் 'விஷ்'. கார் இல்லாதவர் "ஐ விஷ் ஐ ஹேட் எ கார்" என்று ஏங்குகிறார். ஏக்கம் இன்றைக்கு, அப்புறம் எதற்கு இறந்த காலத்து 'ஹேட்'? 'கார் இருந்தால் நன்றாக இருக்குமே' என்பதில் உள்ள 'இருந்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது 'இருந்தேன்', 'இருந்தது' என்பவற்றில் வரும் அதே இறந்த காலம். வந்தால், கிடைத்தால், படித்தால் எல்லாமே அப்படித்தான். "ஐ விஷ் ஐ ஹேவ்" என்று எழுதி மார்க்கை இழக்கும் மாணவருக்கு, விடை அவர் வாயிலேயே சிறு வயது முதல் இருக்கிறது.