நரிக்குரல்

அடையாற்றின் தென்கரையில், கோட்டூர்புரத்தில் வாழும் எமக்குக் கிண்டிக் கானகம் அயல்வீடு போன்றது. அந்தி மயங்கும் வேளையில் ஆங்கிருந்து நரியின் ஊளை சிற்சில நாள் காற்றோடு வரும். ஊசிமணி விற்க வந்த நரிக்குறவப் பெரியவர் ஒருவர் அதனைச் செவிமடுத்து, "சோடியைத் தேடுது, சாமி" என்றார்.

யான் வேண்ட, கைகளை வாயருகே குவித்து ஓர் ஊளையிட்டார். தெருநாய்கள் யாவும் திடுக்கிட்டெழுந்தன! பன்னாள் பயின்றும் எனக்கு வாய்த்தது கூச்சலேயன்றிக் குரலன்று. "தொண்டையிலே இல்லே சாமி, மூச்சிலே இருக்கு. ஒருதரம் கூப்பிட்டுட்டுக் காத்திருக்கணும்" என்பார் அவர். காத்திருத்தலே இவ்வித்தையின் அரும்பகுதி.

இம்மக்கள் குரல்காட்டி நரியை அழைக்கும் திறத்தைத் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். குமாவோன் மலையில் 1938-இல் ஜிம் கார்பெட் ஆண்புலிபோல் குரலெழுப்பியே தாக் என்னும் ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியை வரவழைத்துச் சுட்டார்.

நிற்க. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கியது, அது தக்கதே. ஆயின் கொலையோடு குரலும் ஒழிய வேண்டுமோ? ஐரோப்பாவில் நரிகளைக் கணக்கெடுப்போர், பதிவுசெய்த ஊளையை ஒலிபெருக்கியில் விடுத்து, மறுமொழி கேட்டு எண்ணுகின்றனர். கிண்டிக்கு அப்பெரியவரின் தொண்டையே போதும்.

பேரனுக்குக் கற்பித்தீரோ என வினவினேன்.

"அவன் பள்ளிக்கூடம் போறான் சாமி. இதைக் கத்துக்கிட்டா, புடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயப்படறான்."