ஆலயக் கம்ப்யூட்டர் மாற்றினோம், நல்லா ஒரு பாடம் கற்றோம்

இது பூசை அறிவிப்பு இல்லை. ஆலய அலுவலகத்துல நாங்க பட்ட பாட்டைச் சொல்ல வந்தோம். படிச்சிட்டு உங்க வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஒரு தடவை பாருங்க.

நம்ம செலாயாங் ஆலயத்துல இருந்தது விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாப்ட் அதுக்கு வழக்கமான ஆதரவை நிறுத்திட்டாங்க. ஒரு உபயகாரர் தயவுல புதுசு வாங்கினோம். அவுட்லுக் போட்டு, பாஸ்வேர்டு கொடுத்தோம், மெயில் வந்துச்சு. வேலை முடிஞ்சதுன்னு பழசைத் தூக்கி அன்னதான ஸ்டோர்ல அரிசி மூட்டை பக்கத்துல வச்சோம். சனிக்கிழமை பழைய சாமான் லோரிக்குக் கொடுக்கறதா பேச்சு.

வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு ஒரு அம்மா வந்தாங்க. மறைந்த கணவர் பேர்ல வருசா வருசம் தைப்பூச அன்னதான உபயம் செய்றவங்க. "பேரப்பிள்ளைங்க பேரு, நட்சத்திரம் எல்லாம் போன வருசமே மெயில்ல அனுப்பிட்டேன், அதையே பாருங்க தம்பி"ன்னாங்க. தேடினோம். இல்லை. பதினாலு நாளுக்கு முந்தின மெயில் ஒண்ணுகூட இல்லை! உபயப் பட்டியல், திருப்பணி ரசீது, ஆலய நிலம் பற்றிய கடிதங்கள், பதினோரு வருசத்து மெயில். எங்களுக்கு வியர்த்துப் போச்சு.

காரணம் பிறகுதான் புரிஞ்சது. ஐமேப் முறையில மெயில் சர்வர்லயே இருக்கும், எந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தாலும் வரும். எங்களுடையது பழைய பாப் முறை. மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிட்டு, சர்வர்ல இருக்கறதை 14 நாள்ல அழிக்கிற மாதிரி அமைச்சிருந்துச்சு. பழைய மெயில் எல்லாம் அரிசி மூட்டை பக்கத்துல இருந்த அந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான்.

உடனே லோரிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொன்னோம். பழசை மறுபடி ஓட்டினோம். டாக்குமெண்ட்ஸ் உள்ளே 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டர்ல பிஎஸ்டி ஃபைல் இருந்துச்சு, 6 ஜிபி. அவுட்லுக்கை மூடிட்டு பென்டிரைவ்ல காப்பி பண்ணினா ஏத்துக்கல. இடம் நிறைய இருக்கே! அந்த பென்டிரைவ் ஃபேட்32 வகை, 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை வாங்காது. அது காலியா இருக்கான்னு பார்த்துட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தினதும் ஏறிடுச்சு.

பென்டிரைவ்ல இருந்தே திறக்காம, முதல்ல புதுக் கம்ப்யூட்டர் டிஸ்க்குல போட்டோம். பிறகு கிளாசிக் அவுட்லுக்ல ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட், ஓப்பன் அவுட்லுக் டேட்டா ஃபைல். அந்த அம்மாவோட மெயில் கண்ணுல பட்டதும்தான் உயிர் வந்துச்சு.

தொழிற்சாலையில ஷிப்ட் மாறும்போது, அடுத்தவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முந்தின ஷிப்ட் வீட்டுக்குப் போகும். இத்தனை வருசம் அடுத்தவங்களுக்குச் சொன்னதை ஆலயத்துல நாங்களே மறந்துட்டோம். இப்ப ஒவ்வொரு ஃபோல்டரா ரெண்டு கம்ப்யூட்டரையும் எண்ணிச் சரிபார்த்தோம். அனுப்பின மெயில், முகவரிகள் எல்லாம் சேர்த்து. இன்னொரு பிரதி தனி ஹார்ட்டிஸ்க்ல, ஆலயத்துக்கு வெளியே பொருளாளர் வீட்டுல. பழைய கம்ப்யூட்டர் தைப்பூசம் முடியும்வரை அங்கேயே இருக்கும். அதுக்கப்புறமும் டிஸ்க்கை முழுசா அழிச்சிட்டுத்தான் கொடுப்போம். அதுல உங்க பேரு, போன் நம்பர், ஐசி நம்பர் எல்லாம் இருக்கு.

தேவார ஏடுகள் சிதம்பரத்துல ஒரு அறையில பூட்டிக் கிடந்து, ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தப்போ கறையான் அரிச்சது போக மிஞ்சினதுதான் நமக்குக் கிடைச்சதுன்னு வரலாறு சொல்லக் கேட்டிருக்கோம். பூட்டு பத்திரமாத்தான் இருந்துச்சு. வேறொரு இடத்துல இன்னொரு பிரதிதான் இல்லை.

இந்தத் தடவை முருகன் நம்மைக் காப்பாத்திட்டார். எப்பவும் அவரையே வேலை வாங்கக் கூடாது. உங்க வீட்டுல பழைய கம்ப்யூட்டர் இருந்தா, தூக்கிப் போடறதுக்கு முன்னால திறந்து பாருங்க. சந்தேகம் இருந்தா ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாங்க, நாங்க இருப்போம். கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைகள் வந்தா இன்னும் சந்தோஷம். அதுவும் சேவைதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!