வெட்டி ஒட்டிய எண்

பழைய லோரி ஒன்றுக்குச் சேசி மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரர் 21,000 வெள்ளிக்குப் பில் நீட்டினார். லோரிக்காரர் 10,000 கொடுத்துவிட்டு மீதியைத் தரமாட்டேன் என்றார். அந்த 11,000 வெள்ளிக்காகத்தான் வழக்கு. மலேசியாவில் மஜிஸ்திரேட் நீதிமன்றம் 25,000 வெள்ளி வரைதான் சிவில் வழக்கு கேட்கலாம் என்றிருந்த காலம் அது. 2013 மார்ச்சில்தான் அந்த வரம்பு ஒரு லட்சத்துக்கு உயர்ந்தது. நான் லோரிக்காரர் பக்கத்து வழக்கறிஞர்.

அவர் சுங்கை ஆயர் தாவார்க்காரர். சபாக் பெர்ணம் வட்டாரத்தின் சின்னத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போவது தொழில். குலை வராத நாட்களில் உர மூட்டை ஏற்றுவார். முதல் சந்திப்பிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்: "உப்பு உரம்தான் சார் தின்னுடுச்சு. மேல பார்த்தா லோரி நல்லாத்தான் இருந்துச்சுலா."

உண்மைதான். தோட்டத்தில் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. மூட்டை கிழிந்து சிந்தும் தூள், பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். லோரியின் சேசி என்பது ஏணி போல: இரண்டு பக்கமும் நீளமான இரும்பு, நடுவே குறுக்குச் சட்டங்கள். பக்க இரும்பு ப வடிவில் மடிந்திருப்பதால் அதன் உள்மடிப்பில் உரம், மண், குலைச் சாறு எல்லாம் தங்கிவிடும். அதோடு மழை ஈரமும் கடல் காற்றும் சேர்ந்தால் இரும்பு உள்ளேயிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்.

தகடு வைத்து ஒட்டு வைத்திருக்கலாமே என்று பட்டறைக்காரரிடம் பிறகு கேட்டேன். அவர் சொன்ன பதில் சரியானது, அதை நான் மறுக்கவில்லை. பக்க இரும்பு வலுவான எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடம் தளர்ந்துவிடும், பளு ஏறியதும் ஒட்டின் ஓரத்திலேயே கீறல் விடும். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடாதே, வெல்டிங் வைக்காதே என்று லோரி நிறுவனங்களின் கையேடுகளும் எச்சரிக்கும். சேசியை மாற்ற முடிவெடுத்ததுவரை அந்த மனிதர் நல்ல தொழிலாளிதான்.

புது லோரி வாங்கினால் விலை லட்சம் வெள்ளியைத் தாண்டும், பிறகு வங்கித் தவணை. பழசுக்குச் சேசி மாற்ற 9,000 ஆகும் என்று பட்டறைக்காரர் வாயால் சொன்னார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தோட்டப் பக்கத்தில் எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள்.

9,000 எப்படி 21,000 ஆனது? நீதிமன்றத்தில் பில்லை வரி வரியாகப் படித்தோம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த ஹாஃப்-கட் வண்டிச் சாமான் விற்கும் இடத்தில் எடுத்த பயன்படுத்திய சேசி 4,500 வெள்ளி. மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை. மீதியெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தவை. துருவேறிய போல்ட்டுகள் கழலவில்லை, கேஸ் வைத்து அறுக்க வேண்டியிருந்தது. அறுத்தால் புஷ், யூ-போல்ட், சில பட்டைகள் எல்லாம் புதிதாக வேண்டும். பிரேக் குழாய்கள் தொட்டாலே உடைந்தன. வயரிங் பொடிந்தது. பின்தொட்டியின் அடிச்சட்டமும் அதே உரத்தில் அரித்துப் போயிருந்தது. அதற்கு மட்டும் 4,000. கூலி 5,500. கேபினைத் தூக்கி வைக்கும்வரை இதையெல்லாம் யாரும் பார்த்திருக்க முடியாது என்றார் பட்டறைக்காரர். பார்த்த பிறகு ஒரு போன் செய்திருக்கலாமே என்றார் என் கட்சிக்காரர். விலைத் தகராறு மட்டுமே என்றால் பாதியில் முடித்துக் கொடுத்திருப்பேன்.

வேலை முடிந்த லோரியைப் பட்டறைக்காரர் பாதிப் பணத்துக்கே விட்டுவிட்டார். கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. கொடுத்ததும் அது போயிற்று. லோரி சில மாதம் ஓடியது. வணிக வாகனத்துக்கு அப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தில் சோதனை. அங்கே ஒருவர் சேசி எண்ணைச் சுற்றியிருந்த பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். எண்ணைச் சுற்றி நான்கு பக்கமும் வெல்டிங் கோடு.

லோரி தோல்வி. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.க்குத் தகவல் போனது. திருட்டு வண்டியை வேறு வண்டியின் எண்ணில் ஓட்டும் 'போத்தோங் சம்போங்', அதாவது வெட்டி ஒட்டும், கும்பல்களைத் தேடித்தான் அந்தச் சோதனையே. என் கட்சிக்காரரோ பதிவுச் சான்றான கிராண்டில் தன் பெயருள்ள, தன் சொந்த லோரியோடு திருடனைப் போல நின்றார். வாரக்கணக்கில் வாடகை லோரி. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை குறையும். தோட்டக்காரர் எவரும் காத்திருக்கமாட்டார். இரண்டு தோட்டங்கள் வேறு லோரிக்காரரிடம் போய்விட்டன.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இளைஞர், நன்றாகப் படித்து வந்திருந்தார். லோரி அதே லோரிதான், எஞ்சின் அதே, கேபின் அதே, ஒரு பாகம் மாறினால் வண்டி வேறாகிவிடுமா என்று வாதாடினார். அதற்கு அவர் எடுத்தது லண்டன் உயர் நீதிமன்றத்தின் 1990 தீர்ப்பு. 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பெண்ட்லி காரை ஹப்பார்டு என்பவர் மிடில்பிரிட்ஜ் நிறுவனத்துக்கு ஒரு கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். காரின் சேசி உட்படப் பெரும்பகுதி காலப்போக்கில் மாறிவிட்டது, இது அந்தக் காரே இல்லை என்று வாங்கியவர் பின்வாங்கினார். நீதிபதி ஆட்டன், காரின் வரலாறு இடையறாமல் தொடர்வதால் அதுவே அது என்று தீர்த்து, ஒப்பந்தத்தை நிறைவேற்ற உத்தரவிட்டார்.

அழகான தீர்ப்பு. எங்கள் வழக்குக்குப் பொருந்தாது. அங்கே பிரச்சினை பெயரும் பெருமையும். சாலையில் ஓட்ட அனுமதி பற்றிய கேள்வியே இல்லை. அதே இங்கிலாந்தில் பதிவு இலாகாவின் கணக்கு அப்போது வேறு மாதிரி: திருத்திக் கட்டிய வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளி வேண்டியிருந்தது, அதில் சேசிக்கு 5, எஞ்சினுக்கு 1. அசல் சேசியோ நிறுவனத்திலிருந்து வந்த புதுச் சேசியோ என்றால்தான் அந்த 5. வேறு வண்டியின் பழைய சேசி என்றால் மறுசோதனை, 'க்யூ' எழுத்தில் தொடங்கும் எண் தட்டு. இதை நான் சொன்னதும் இளைஞர் சிரித்துவிட்டார்; நல்ல பையன்.

எங்கள் சட்டம் இன்னும் எளிது. ஒப்பந்தம் நிற்காவிட்டாலும் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தரவேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு. அதைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் சூசூர் ரோத்தான் சுரங்க வழக்கில் 1967இல் பிரிவி கவுன்சில் வகுத்த நான்கு நிபந்தனைகளில் ஒன்று, அந்தச் செயல் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்பது.

பட்டறைக்காரரைக் குறுக்கு விசாரித்தேன். அவர் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னார்.

"பழைய சேசி எங்கே?"

"பட்டறைக்குப் பின்னாலதான் கிடக்கு சார்."

"அதில் நம்பர் இருக்கிறதா?"

"அந்தத் துண்டைத்தான் வெட்டி இதுல வச்சேன்."

"வாங்கிய சேசியில் இருந்த நம்பர்?"

"கிரைண்டர் போட்டுட்டேன். ரெண்டு நம்பர் இருந்தா கேள்வி வரும்லா."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் நின்றுதான் அதைச் சொன்னார். மஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. எனக்கு இன்றும் அந்த நம்பிக்கை உண்டு. ஹாஃப்-கட் கடை ரசீது கையில் இருந்தது. பழைய சேசி முழுதாக இருந்தது. இரண்டையும் தொடாமல் வைத்துக்கொண்டு, வேலைக்கு முன்பே ஜே.பி.ஜே.யிடம் அனுமதி கேட்டிருந்தால் பேச ஒரு ஆதாரமாவது இருந்திருக்கும். கேள்வி வரக்கூடாது என்று அவர் அழித்தது, வரப்போகும் கேள்விக்கு இருந்த ஒரே பதிலை. எவருடைய பில்லிலும் அனுமதிக்கும் சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒரு வரி இருப்பதில்லை. அந்த 4,500 வெள்ளிச் சேசியின் உண்மை விலை அந்த வரியில்தான் இருந்தது.

தீர்ப்புவரை போகவில்லை. மதிய இடைவேளையில் தாழ்வாரத்தில் பேசி முடித்தோம். பட்டறைக்காரர் 11,000ஐ விட்டார், வாங்கிய பணத்தில் 3,000 திருப்பித் தந்தார், சேசியை எடுத்துக்கொண்டார். நாங்கள் வாடகை லோரிக்கான எதிர்க்கோரிக்கையைக் கைவிட்டோம். எண்ணை வெட்டியது பற்றிய இலாகா விசாரணை தனி வழியில் போனது. எங்கள் சமரசத்துக்கு அதைத் தொட அதிகாரம் கிடையாது.

லோரியின் பதிவை என் கட்சிக்காரர் ரத்து செய்தார். பின்தொட்டி வேறொரு லோரிக்குப் போனது. எஞ்சினை செகின்சான் மீனவர் ஒருவர் படகுக்கு வாங்கிக்கொண்டார். என் கட்டணத்தைக் கொடுக்க வந்த அன்று லோரிக்காரர் அந்த விற்பனையைப் பற்றித்தான் பேசினார். நல்ல விலையாம். படகுக்காரர் ஸ்டார்ட் பண்ணிக் கேட்டாராம், சத்தம் பிடித்திருந்ததாம், காசை எண்ணிக் கொடுத்துவிட்டாராம்.

"நம்பர் கேட்டாரா அண்ணே?"

"எதுக்கு சார், கடல்ல யாரு பாக்குறா?" என்றார்.